கணுக்காலில் வலி, இடுப்பில் வைத்தியம்: ஸ்டெஃபன் கர்ரியின் உடலும் ஷாட்டும்

2012 ஏப்ரல் 25. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வான் நைஸ் பகுதியில் 24 வயது கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவருக்கு வலது கணுக்காலில் அறுவை சிகிச்சை. பதினோரு மாதத்தில் அதே கணுக்காலில் இது இரண்டாவது. முதல் முறை, 2011 மே மாதம், கிழிந்திருந்த லிகமென்ட்டை, அதாவது எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் நாரை, சரிசெய்திருந்தார்கள். அது பிடித்திருக்கிறதா இல்லையா என்பது உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். பிடிக்கவில்லை என்றால் வேறொரு நாரை எடுத்து வைத்துக் கட்டவேண்டும், பல மாதம் போய்விடும். மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்கல் பார்த்தார். லிகமென்ட் நன்றாகவே இருந்தது. மூட்டுக்குள் தழும்புத் திசுவும் எலும்புத் துருத்தல்களும்தான் அடைத்துக் கிடந்தன. சுத்தம் செய்து மூடிவிட்டார்.

படுத்திருந்தவர் ஸ்டெஃபன் கர்ரி. (நம் பத்திரிகைகள் பலவும் ஸ்டீபன் என்றே எழுதுகின்றன; அவர் வீட்டில் ஸ்டெஃபன்தான்.)

அந்தப் பருவத்தில் அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான தகராறு காரணமாக, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஒரு அணிக்கான ஆட்டங்கள் ஏற்கெனவே 82லிருந்து 66 ஆகக் குறைந்திருந்தன. அதிலும் கர்ரி ஆடியது 26. அந்த மார்ச் மாதம் கர்ரியின் அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் தன் முன்னணிப் புள்ளிக்காரரான மான்ட்டா எல்லிஸை மில்வாக்கி அணிக்குக் கொடுத்துவிட்டு ஆண்ட்ரூ போகட்டை வாங்கியது. போகட்டுக்கும் கணுக்கால் எலும்பு முறிவு. ஆக, அணியின் எதிர்காலம் என்று சொல்லப்பட்ட இருவருமே நொண்டிக்கொண்டிருந்தார்கள். ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை. அக்டோபர் 31 அன்று நான்கு ஆண்டுக்கு 4.4 கோடி டாலர் என்று கர்ரி கையெழுத்துப் போட்டபோது, இந்தக் காலுக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. மூன்று ஆண்டு கழித்து அதே ஒப்பந்தத்தை என்பிஏவிலேயே மலிவான ஒப்பந்தம் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

இடையில் நடந்ததைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். கர்ரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் ஷாட்டைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அவருடைய இடுப்பு முக்கியம். ஆனால் இடுப்புக்கு வருமுன் ஷாட்டைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அழுதுகொண்டே எறிந்த கோடை

கர்ரியின் அப்பா டெல் கர்ரி என்பிஏவில் 16 பருவம் ஆடியவர், ஷூட்டர் என்று பெயர் எடுத்தவர். மகன் பள்ளியில் படிக்கும்போது குள்ளம், ஒல்லி. 10 அடி உயர ரிங்குக்குப் பந்தைத் தள்ளக் கையில் பலம் போதாததால் இடுப்பு உயரத்திலிருந்து கவண் போலச் சுண்டி எறிவார். பள்ளி ஆட்டத்தில் அது உள்ளே போனது. ஆனால் உயரமான தடுப்பாட்டக்காரர் முன்னால் நின்றால் அந்த ஷாட் கையை விட்டே கிளம்பாது என்பது அப்பாவுக்குத் தெரியும். 2004 கோடையில், மகனுக்கு 16 வயது, ஷாட்டைப் பிரித்து முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தார்கள். பந்தை நெற்றிக்கு மேல் கொண்டுபோய் அங்கிருந்து விடவேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. பல வாரம் கர்ரியால் ரிங்குக்குப் பக்கத்தில் உள்ள சதுரத்தை விட்டு வெளியே நின்று எறியவே முடியவில்லை. கோடை முகாம்களில் மற்ற பையன்கள் முன்னால் ஷாட் எல்லாம் தவறியது. வீட்டுப் பின்புறத்தில் அழுதுகொண்டே எறிந்தார் என்று குடும்பமே சொல்லியிருக்கிறது.

ஏன் இவ்வளவு பாடுபடவேண்டும்? கொஞ்சம் கணக்குப் போடலாம். ரிங்கின் விட்டம் 45.7 செ.மீ. பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 செ.மீ. மேலிருந்து நேராக விழும் பந்துக்கு 45.7 செ.மீ. வாய் முழுசாகத் திறந்திருக்கும். பந்து சாய்வாக வந்தால், அது பார்க்கும் வாய் சுருங்கும். 45 டிகிரியில் உள்ளே வந்தால் 32 செ.மீ. கிடைக்கும். 35 டிகிரி என்றால் 26 செ.மீ. 30 டிகிரிக்கு வந்துவிட்டால் 23 செ.மீ.க்கும் கீழே, அதாவது பந்தைவிடச் சின்ன வாய். சுத்தமாக உள்ளே போக வழியே இல்லை, ரிங்கில் பட்டுத்தான் போகவேண்டும். இடுப்பிலிருந்து வேகமாகத் தட்டையாக எறியும் பையனும் தலைக்கு மேலிருந்து வளைவாக எறியும் பையனும் ஒரே ரிங்குக்குத்தான் எறிகிறார்கள், ஆனால் ஒருவனுக்கு வாசல் பெரிது.

அந்தக் கோடையில் எனக்குப் பிடித்தது அவர்கள் தேர்ந்தெடுத்த நேரம். பருவம் நடக்கும்போது ஷாட்டை மாற்றினால் ஆட்டம் தோற்கும், பயிற்சியாளர் பயந்து பழைய ஷாட்டுக்கே திரும்பச் சொல்வார். பந்தயம் எதுவும் இல்லாத மாதங்களில், மோசமாக ஆட அனுமதி கொடுத்து மாற்றினார்கள். அப்படியும் பெரிய கல்லூரிகள் அவரை எடுக்கவில்லை. டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார். அங்கே 2007-08ல் ஒரே பருவத்தில் 162 த்ரீ பாயிண்ட் ஷாட் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து அடித்து மூன்று புள்ளி எடுக்கும் ஷாட், சுருக்கமாக த்ரீ) அடித்து அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சாதனை படைத்தார். என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2009 தேர்வில் ஏழாவது ஆளாக வாரியர்ஸுக்கு வந்தார்.

கையும் கண்ணும் அப்போதே தயார். கால்தான் தயாராக இல்லை.

புரளும் கால்

கணுக்கால் சுளுக்கு கூடைப்பந்தில் மிகச் சாதாரணம். குதித்து இறங்கும்போது வேறொருவர் ஷூவின் மேல் மிதித்தால் பாதம் உட்பக்கமாகப் புரளும், வெளிப்பக்கத்தில் இரண்டு எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் லிகமென்ட் இழுபடும். ஒருமுறை வந்தால் ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, இரண்டு வாரத்தில் கோர்ட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான். நீண்டுபோன லிகமென்ட் முன்போல் இறுக்கமாக இருக்காது. அதைவிட மோசம், பாதம் எந்தக் கோணத்தில் தரையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிப்போகும். பாதம் புரளத் தொடங்கும்போது தசை பிடித்து நிறுத்தவேண்டும். தகவல் தாமதமாகப் போனால் தசையும் தாமதமாகத்தான் எழும். அதனால்தான் ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி மறுபடி சுளுக்குகிறது. கர்ரிக்கு 2010-11 பருவம் முழுக்க இதுதான் கதை. யாரும் மிதிக்காமலேயே, வெறுமனே திசை மாற்றும்போதும் புரண்டது.

இங்கே அவருடைய ஆட்ட முறையையும் பார்க்கவேண்டும். அவர் பெரிய ஓட்டக்காரர் அல்ல, உயரமாகத் தாவுகிறவரும் அல்ல. எதிராளியை ஏமாற்ற அவரிடம் இருந்தது நிற்பதும் கிளம்பும் திசையை மாற்றுவதும்தான். ஒரு ஆட்டத்துக்குப் பல நூறு முறை வெட்டித் திரும்புவார். அந்த வேகத்தை நிறுத்தும் வேலை முழுவதையும் உடலின் மிகச் சிறிய, ஏற்கெனவே அடிபட்ட மூட்டு ஒன்றின் தலையில் ஏற்றிவைத்திருந்தார். அதை அவரும் அறியவில்லை.

டவுன் பஸ்ஸில் நிற்பது போல

2013ல் வாரியர்ஸுக்கு உடல்திறன் பயிற்சித் தலைவராக வந்தவர் கேகே லைல்ஸ். அதற்கு முன் மின்னசோட்டா அணியில் இருந்தவர். கணுக்காலுக்கு என்று இருந்த வழக்கமான பயிற்சிகளோடு அவர் நிற்கவில்லை. கர்ரி எப்படித் திரும்புகிறார், எந்த மூட்டால் சமாளிக்கிறார் என்று பார்த்தார்.

உடல் சமநிலை தவறாமல் இருக்க இரண்டு வழி வைத்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், கம்பியைப் பிடிக்காமல் டவுன் பஸ்ஸில் நின்றால் போதும். வண்டி லேசாக ஆடும்போது கணுக்கால் மட்டும் முன்னும் பின்னும் வளைந்து சரிசெய்துகொள்ளும், மேலுடம்பு நேராகவே இருக்கும். டிரைவர் பட்டென்று பிரேக் போட்டால் கணுக்காலால் முடியாது. இடுப்பு மடங்கும், பின்பக்கம் பின்னால் போகும், முழங்கால் வளையும். அப்போது தாங்குவது பிட்டத் தசையும் தொடையும். உடலிலேயே பெரிய தசை பிட்டத்தில்தான் இருக்கிறது. கர்ரி ஓடும் வேகத்தில் பிரேக் போட்டபோதும் லேசான ஆட்டத்துக்கான வழியையே பயன்படுத்திக்கொண்டிருந்தார் என்பதுதான் லைல்ஸின் கணிப்பு. பளுவை இடுப்புக்கு மாற்றவேண்டும்.

அதற்குத் தேர்ந்தெடுத்த பயிற்சிகளில் புதுமை ஒன்றும் இல்லை. முதலில் இடுப்பை மடக்கக் கற்றுக்கொள்வது: முதுகு நேராக இருக்க, முழங்காலை அதிகம் மடக்காமல், பின்பக்கத்தைச் சுவரைத் தொடுவது போலப் பின்னால் தள்ளுவது. சொல்வதற்கு ஒரு வரி. செய்யச் சொல்லிப் பாருங்கள், பத்துப் பேரில் ஏழு பேர் முதுகைத்தான் வளைப்பார்கள். அப்புறம் ஒற்றைக்காலில் அதையே செய்வது. யோகா நிலைகள். வயிற்றையும் முதுகையும் இறுக்கும் பயிற்சிகள். இவை எல்லாம் பழகியபின் டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் பளுவை இடுப்பை நிமிர்த்தித் தூக்குவது. நேரான கம்பியில் அல்ல, நடுவில் நின்றுகொள்ளும்படியான அறுகோணக் கம்பியில்.

முதல் வருடம் 200 பவுண்டுச் சொச்சம். இரண்டாம் வருடம் 400 பவுண்டு, அதாவது 180 கிலோவுக்கு மேல். கர்ரியின் எடை அதில் பாதிகூட இல்லை. அணியில் அவரைவிட அதிகம் தூக்கியவர் ஃபெஸ்டஸ் எஸீலி ஒருவர்தான், அவர் கிட்டத்தட்ட 7 அடி உயரம், ரிங்குக்கு அடியில் ஆடும் சென்டர். தொலைக்காட்சியில் பார்த்தால் பள்ளிப் பையன் போலத் தெரியும் ஆள் தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தூக்குகிறார் என்பதை முதலில் படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

நம் ஊரில் பல பயிற்சியாளர்கள் இன்னும் நம்பும் ஒன்றை இது உடைக்கிறது. பளு தூக்கினால் கை இறுகிவிடும், ஷாட் கெட்டுவிடும் என்பார்கள். கர்ரி பளு தூக்கியது மார்புக்கும் கைக்கும் இல்லையே. த்ரீ பாயிண்ட் ஷாட்டுக்குத் தேவையான விசை காலிலும் இடுப்பிலும் பிறந்து மேலே போகிறது, கை வழிகாட்டுவதோடு சரி. ஆட்டத்தின் நான்காவது, கடைசிப் பகுதியில் ஷூட்டர்களின் பந்து ரிங்குக்கு முன்னாலேயே விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கை களைத்ததால் அல்ல, கால் தீர்ந்துபோனதால்.

பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே

லைல்ஸ் வருவதற்கு முன்பே இன்னொருவர் வேலையைத் தொடங்கியிருந்தார். 2011ல், அந்தத் தகராறில் அணிகள் கதவை அடைத்து ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்தியிருந்த மாதங்களில், கர்ரி சார்லட்டில் வீட்டோடு இருந்தார். அப்போது பக்கத்து ஊரான ஃபோர்ட் மில்லில் பயிற்சிக்கூடம் நடத்தும் பிராண்டன் பேய்ன் என்பவரிடம் போக ஆரம்பித்தார்.

பேய்ன் செய்ததைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை முதலில் சொல்லவேண்டும். 2020 டிசம்பரில் பயிற்சி முடிந்தபின் கர்ரி ஓரிடத்தில் நின்று வரிசையாக 105 த்ரீ அடித்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. அதே ஆள் ஆட்டங்களில் 100க்கு 42, 43தான் அடிக்கிறார். கை ஒன்று, பந்து ஒன்று, ரிங் ஒன்று. இடைவெளி 50க்கும் மேல். அந்த இடைவெளிக்குள் இருப்பவை களைப்பு, முன்னால் ஓடிவரும் தடுப்பாட்டக்காரரின் கை, கண் இமைக்கும் நேரத்தில் எடுக்கவேண்டிய முடிவு, சமநிலை தவறிய கால். ஓரிடத்தில் நின்று ஆயிரம் எறிவதால் இந்த இடைவெளி சுருங்காது. 105ஐ 110 ஆக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே பேய்னின் பயிற்சிகள் மூளைக்கு வேலை கொடுப்பவை. ஒரு கையில் கூடைப்பந்தை டிரிபிள் செய்துகொண்டே, அதாவது தரையில் தட்டிக்கொண்டே, மறுகையால் டென்னிஸ் பந்தைப் பிடித்து எறியவேண்டும். சுவரில் எரியும் விளக்கின் நிறத்தைப் பார்த்து, அந்த நிறத்துக்குரிய டிரிபிளைச் செய்து, கையால் விளக்கைத் தொட்டு அணைக்கவேண்டும். நொடிக்குப் பலமுறை பார்வையை மறைத்துத் திறக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரிபிள் செய்யவேண்டும். இப்படி மூளை திணறிப் பழகியபின் ஆட்டத்துக்குப் போனால், இரண்டு பேர் சூழ்ந்து வருவது அவ்வளவு அவசரமாகத் தெரியாது என்பது பேய்னின் கருத்து.

இதில் எனக்குச் சந்தேகம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கைத் தொடுவதில் தேறியவர் விளக்கைத் தொடுவதில் தேறியவர்தான். அது ஆட்டத்தில் அப்படியே கைகொடுக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடையில் விற்கும் மின்னும் கண்ணாடி யாரையும் கர்ரி ஆக்காது. ஆனால் பயிற்சியின் மறுபாதி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை: ஓடிக் களைத்த நிலையில், வெவ்வேறு இடத்திலிருந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எறிவது, குறித்த நேரத்தில் குறித்த எண்ணிக்கை விழாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது. ஆட்டத்தில் எந்த மூச்சிரைப்போடு எறிகிறாரோ அதே மூச்சிரைப்போடு பயிற்சியிலும் எறிகிறார். 2014ல் ஸ்டீவ் கெர் தலைமைப் பயிற்சியாளராக வந்தபின் பந்து கையில் இல்லாதபோதும் கர்ரி ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டமாக அது மாறியது. ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 4 கிலோமீட்டர். கால் தீராத ஷூட்டர் ஒருவர் இல்லாமல் அந்த ஆட்டத்தை வகுத்திருக்கவே முடியாது.

எண்கள் எதைச் சொல்கின்றன

2010-11ல், கணுக்கால் புரண்டுகொண்டிருந்த அந்தப் பருவத்தில், கர்ரியின் த்ரீ துல்லியம் 44.2 சதவீதம். 2012-13ல் 45.3. உலகமே வாய் பிளந்த 2015-16ல் 45.4.

கவனித்தீர்களா? ஐந்து ஆண்டு உழைப்புக்கு 1.2 சதவீதம். வெறும் துல்லியத்தை மட்டும் பார்க்கும் பயிற்சியாளர் இந்தப் பயிற்சியில் பிரயோஜனம் இல்லை என்று எழுதிவிடுவார்.

முயற்சிகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வையுங்கள். 2010-11ல் ஆட்டத்துக்கு 4.6 த்ரீ முயற்சி. 2012-13ல் 7.7. 2015-16ல் 11.2. எண்ணிக்கை ஏறியது மட்டும் அல்ல, ஷாட்டின் தரமும் மாறியது. முன்பு காலியாக நின்று பாஸ் வாங்கி எறிந்தவை அதிகம். பின்னால் டிரிபிள் செய்தபடி, பின்னோக்கிக் குதித்தபடி, 9 மீட்டர் தூரத்திலிருந்தெல்லாம் எறிந்தார். இதைவிட எளிய ஷாட்டுகளை இவ்வளவு எண்ணிக்கையில் எறியும் ஆட்டக்காரர்களுக்கே துல்லியம் சரியும். இவருக்குச் சரியவில்லை. பயிற்சி அவருக்குக் கொடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன்: குறி கூடவில்லை, அதே குறியை இரண்டு மடங்கு பாரத்தின் கீழ் வைத்திருக்கும் உடல் கிடைத்தது.

மொத்தக் கணக்கில் இது எப்படித் தெரிந்தது என்றால், ரே ஆலன் 2005-06ல் அடித்த 269 த்ரீ என்ற பருவச் சாதனையை 2012-13ல் 272 அடித்து முறியடித்தார். 2014-15ல் 286. 2015-16ல் 402. ஒரு சாதனையை மூன்றால் முறியடிப்பது வழக்கம், பதினான்கால் முறியடிப்பதும் உண்டு. 116 கூட்டி முறியடிப்பதை எந்த விளையாட்டிலும் அபூர்வமாகத்தான் பார்க்கமுடியும். அந்தப் பருவத்தில் அணி 73 ஆட்டம் வென்று 9 தோற்றது. சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு ஒரு ஓட்டுகூட விலகாமல் அவர் பெயரே வந்தது.

யாருக்குப் புகழ்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இடுப்புப் பயிற்சி கர்ரியின் கணுக்காலைக் காப்பாற்றியது என்று ஒரு வரியில் முடித்துவிட ஆசையாக இருக்கும். தேதிகள் அதை அப்படியே விடவில்லை. லைல்ஸ் வந்தது 2013ல். அதற்கு முந்தைய 2012-13 பருவத்திலேயே கர்ரி 78 ஆட்டம் ஆடிவிட்டார். ஃபெர்கலின் அறுவை சிகிச்சை முடிந்து ஆறே மாதத்தில் தொடங்கிய பருவம் அது. ஆகவே ஆட்டங்களின் எண்ணிக்கை 26லிருந்து 78க்கு ஏறியதற்கு முதல் காரணம் மூட்டுக்குள் இருந்த குப்பையை அகற்றியதும், காலோடு கட்டிக்கொண்டு ஆடிய கணுக்கால் பிரேஸும் (புரளாமல் இறுக்கிப் பிடிக்கும் உறை)தான்.

ஆனால் அந்த 78 ஆட்டத்திலும் கணுக்கால் அவ்வப்போது புரண்டது. பருவம் முடிந்து முன்னணி அணிகள் மோதும் பிளேஆஃபில் டென்வருக்கு எதிராக இடது கணுக்காலும் சுளுக்கியது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் 78, 80, 79, 79 என்று ஆடினார், அதுவும் முன்னைவிட அதிகப் பாரத்தோடு. அந்தத் தொடர்ச்சியில் இடுப்புக்குப் பங்கு உண்டு என்று நம்புகிறேன். எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒரே ஆள், ஒரே உடல், ஒரே நேரத்தில் நாலைந்து மாற்றம். ஷூ நிறுவனத்தைக்கூட 2013ல்தான் நைக்கியிலிருந்து அண்டர் ஆர்மருக்கு மாற்றினார்.

பிரேஸைப் பற்றி மட்டும் கைக்குப் பிடிமானமான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் 1,460 பேரை வைத்து நடந்து 2011ல் வெளியான ஆய்வு அது. லேஸ் கட்டும் பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் போடாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. வந்த காயத்தின் கடுமை மட்டும் குறையவில்லை. ஆயிரக்கணக்கில் ஷூவுக்குச் செலவழிக்கும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எடுத்துக்கொள்ளக்கூடியது, கூடாதது

கர்ரியால் நேர்ந்த கெடுதல் ஒன்று உண்டு. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் 11, 12 வயதுப் பிள்ளைகள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று எறிகிறார்கள். பந்து 600 கிராம், ரிங் 3.05 மீட்டர் உயரம், கையில் பலம் இல்லை. என்ன ஆகும்? இடுப்பிலிருந்து கவண் போலச் சுண்டுவார்கள். அதாவது கர்ரி அழுது அழுது விட்டொழித்த ஷாட்டை, கர்ரியைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். சர்வதேசக் கூட்டமைப்பு சிறுவர் ஆட்டத்துக்கு 2.60 மீட்டர் ரிங்கும் 5ஆம் எண் பந்தும் வகுத்திருப்பது சும்மா இல்லை. ரிங்கை இறக்க முடியாத இடத்தில் பந்தையாவது மாற்றலாம், தூரத்தையாவது குறைக்கலாம்.

400 பவுண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது அதற்கு முன்னால் வந்தது. ஒரு துடைப்பக் கட்டையை முதுகில் நீளவாக்கில் வைத்து, தலை, மேல்முதுகு, இடுப்பின் பின்பக்கம் மூன்றும் கட்டையை விடாமல் குனியச் சொல்லுங்கள். கட்டை விலகாமல் குனிய வரும்வரை பளுவே வேண்டாம். பிறகு ஒற்றைக்காலில் 30 நொடி நிற்பது, பின்பு கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. முன்பு சுளுக்கிய காலில் நிற்கும்போது ஆட்டம் கூடுதலாக இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், ஆச்சரியப்படுவார்கள். குதித்து ஒற்றைக்காலில் இறங்கி அசையாமல் நிற்பது அதற்கடுத்த படி. சுளுக்கு வந்து வீக்கம் வடிந்ததும் நேராக ஆட்டத்துக்கு அனுப்புகிற வழக்கத்தை நிறுத்தி, இந்தப் படிகளைக் கடந்தவர்களை மட்டும் அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது. செலவு ஒரு துடைப்பக் கட்டை.

நான் மாலையில் நிற்கும் கோர்ட் சிமெண்ட் தரை. ஓரத்தில் வெடிப்பு, வேப்பம்பழம் விழுந்து வழுக்கும். ஷூட்டிங்குக்கு முன்னால் முதலில் அதைப் பெருக்கச் சொல்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே பெருக்குவார்கள்.

மறுபடியும் அதே கால்

2016 பிளேஆஃபில் ஹூஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் வலது கணுக்கால் சுளுக்கியது. நான்காவது ஆட்டத்தில் தரையில் கிடந்த ஈரத்தில் வழுக்கி முழங்கால் லிகமென்ட் அடிபட்டது. அந்த ஈரத்துக்கு எந்த டெட்லிஃப்ட்டும் பதில் சொல்லாது. 73 ஆட்டம் வென்ற அணி இறுதிச் சுற்றில் 3-1 என்று முன்னிலையில் இருந்து கிளீவ்லாண்டிடம் தோற்றது.

2017 டிசம்பர் 4, நியூ ஆர்லியன்ஸ். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எதிராளியின் பந்தைத் தட்டிப் பறிக்கப்போன இடத்தில் வலது கணுக்கால் மோசமாகப் புரண்டது. ஊன்றுகோலோடு வெளியே போனார். 11 ஆட்டம் ஆடவில்லை. 2011ல் இதே மாதிரிக் காட்சிதான் ஒரு பருவத்தையே விழுங்கியது.

இம்முறை டிசம்பர் 30 அன்று மெம்ஃபிஸுக்கு எதிராகத் திரும்பினார். ஆடியது 26 நிமிடம், எடுத்தது 38 புள்ளி, எறிந்த 13 த்ரீயில் 10 உள்ளே. மார்ச் 8 அன்று சான் அன்டோனியோவுக்கு எதிராக அதே வலது கணுக்கால் மறுபடி புரண்டது.